ஈகிள் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயர் கிட்: பிளாஸ்டிக் பாஸ், பெட்டிப் படம் ஃபெயில்

இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர்விமானம் ஸ்பிட்ஃபயர், அதன் மார்க் ஃபைவ்-பி ரகம், 1/72 அளவில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்டாக. சாம்பல் நிறத்தில் இரண்டு ஸ்ப்ரூ (துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்), கண்ணாடி நிறத்தில் ஒன்று, எல்லாம் சேர்த்து 58 துண்டுகள். அமெரிக்க விமானிகளைக் கொண்ட மூன்று பிரிட்டிஷ் படைகளான ஈகிள் ஸ்குவாட்ரன்களுக்கு, படைக்கு ஒரு விமானம் வீதம் டிகால் (நனைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்), எட்டுப் பக்கச் செய்முறைத் தாள், கூடவே வரலாறு சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரம். எங்களுக்குக் கிடைத்த விலை 1,450 ரூபாய். இது பழைய அச்சு. வேறு வேறு பெட்டிகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறோம். மூடியில் மூன்று இலை விசிறியோடு ஒரு ஸ்பிட்ஃபயர் பறந்து, கீழே ‘மோர்லே, செப்டம்பர் 1942’ என்று எழுதியிருந்தால் இந்த விமர்சனம் அதற்குத்தான்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு இதை ஒட்டப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. யூடியூபில் வெள்ளைக்காரர் குளிர்நாட்டு அறையில் உட்கார்ந்து சொல்லும் காய்ச்சல் நேரம், பசை நேரம் எதுவும் இங்கே ஒத்துவராது. கடல் காற்று, போர்வெல் தண்ணி, கன்டெய்னர் லாரிப் புழுதி மூன்றும் இந்தக் கிட்டோடு மோதும். அதைப் பின்னால் பார்ப்போம். அதைவிடப் பெரிய சிக்கல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

சிக்கல் இதுதான்: செய்முறைத் தாள் மூன்று விமானத்துக்கும் ஒரே பெயிண்டைச் சொல்கிறது. மூன்றுக்கும் மூன்று தேதி இருக்கிறது, அந்தத் தேதிகளுக்குள் பிரிட்டிஷ் விமானங்களின் நிறமும் வட்டச் சின்னமும் மாறிவிட்டன. ஆகவே பெயிண்ட் வாங்கும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். எந்தப் படை, எந்த மாதம். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆட்களைப் பற்றி நாலு வரி. 1941 டிசம்பர் வரை அமெரிக்கா போரில் இல்லை. ஆனாலும் ஹிட்லரோடு சண்டை போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிட்ஃபயரையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிய அமெரிக்க இளைஞர்கள், பலர் கனடா வழியாக, பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்றே மூன்று படைகள் உருவாயின. மூன்றும் இங்கிலாந்தின் விமானத்தளங்களில்: 71-ஆம் ஸ்குவாட்ரன் 1940 செப்டம்பரில் சர்ச் ஃபென்டனில், 121 அடுத்த வருடம் மே மாதம் கர்ட்டன்-இன்-லின்ட்ஸியில், 133 அதே 1941 ஆகஸ்டில் கோல்டிஷலில். மூன்றிலும் சேர்த்து 244 அமெரிக்கர்கள், தலைமைப் பொறுப்பில் 16 பிரிட்டிஷார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்கள் வீழ்த்தியதாகப் பதிவான எதிரி விமானங்கள் 73½. அரை என்பது அச்சுப் பிழை இல்லை. இரண்டு பேர் சேர்ந்து சுட்டு வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. 1942 செப்டம்பர் 29 அன்று மூன்று படைகளும் இங்கிலாந்தின் டெப்டன் தளத்தில் அமெரிக்க ராணுவ விமானப்படைக்குக் கைமாறி 334, 335, 336 என்று புது எண் வாங்கின.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரம் இதற்குள்ளேயே இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறது. பில்லி ஃபிஸ்கை ஈகிள் ஸ்குவாட்ரன் வீரர் என்கிறது. அவர் அமெரிக்கர்தான், 1928, 1932 குளிர்கால ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட் தங்கம் வாங்கியவர்தான். ஆனால் பறந்தது 601-ஆம் ஸ்குவாட்ரனில், இறந்தது 1940 ஆகஸ்ட் 17-இல். முதல் ஈகிள் படை உருவாக அப்போது இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறகு, 71-இன் முதல் வெற்றியான வில்லியம் டன்னின் 1941 ஜூலை 2 சண்டைக்கு ஸ்பிட்ஃபயர் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அன்று அவர் ஓட்டியது ஹரிக்கேன் என்ற வேறு ரகப் போர்விமானம். 71-க்கு ஸ்பிட்ஃபயர் டூ வந்தது ஆகஸ்டில்தான், ஃபைவ்-பி அதற்கும் பின்னால். 58 துண்டை அச்சுப் பிசகாமல் வார்த்தவர்களுக்கு ஒரு தேதியைச் சரிபார்க்க முடியவில்லை.

இப்போது மூன்று தேர்வுகள்.

முதலாவது 71, உடம்பில் எழுதும் படைக் குறியெழுத்து எக்ஸ்.ஆர். தாள் இதற்குப் பச்சையும் பழுப்பும் அடிக்கச் சொல்கிறது. அந்த நிறம் 1941 ஆகஸ்ட் நடுவில் மாறிவிட்டது. சண்டை பிரிட்டன் மண்ணுக்கு மேலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்கும் பிரான்சுக்கும் நகர்ந்ததால் பழுப்பு போய்ச் சாம்பல் வந்தது. மேலே அடர்பச்சையும் ஓஷன் கிரேயும், வயிற்றில் மீடியம் சீ கிரே. 71 ஃபைவ்-பி ஓட்டத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகு என்பதால், மற்ற இரண்டின் தேதியும் அதற்கும் பின்னால் என்பதால், மூன்றுக்குமே பழுப்பு டப்பாவை வாங்கவே வேண்டாம். இதில் ஒரு ருசியான விஷயம்: புது ஓஷன் கிரே எல்லாத் தளங்களுக்கும் உடனே போய்ச் சேரவில்லை. கையிருப்பில் இருந்ததைக் கலந்து அடிக்க உத்தரவு வந்தது. மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. 1941 இலையுதிர்கால 71 விமானம் செய்கிறீர்கள் என்றால் அதே கணக்கில் சொட்டு எண்ணிக் கலக்கலாம். வயிற்றுக்கு வாங்கிய டப்பாவே முதுகுக்கும் ஆயிற்று, ஒரு டப்பா காசு மிச்சம்.

இரண்டாவது 121, ஏ.வி. தாளில் ‘டியெப், ஆகஸ்ட் 1942’ என்று போட்டிருக்கிறது. அது சரி. 19-ஆம் தேதி பிரான்சின் டியெப் துறைமுகத்தின் மீதான தாக்குதலில் மூன்று ஈகிள் படைகளும் பறந்தன. டிகாலில்தான் கோளாறு. உடற்பகுதி வட்டச் சின்னத்தில் தடிமனான மஞ்சள் வளையம் அச்சடித்திருக்கிறார்கள். 1942 மே முதல் ஜூலைக்குள் அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டார்கள். மஞ்சளும் வெள்ளையும் மெலிந்து, தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியாதபடி ஆனது. வால் செங்குத்தில் இருக்கும் மூவண்ணப் பட்டையிலும் நடு வெள்ளை ஒல்லியாகிவிட்டது: 24 அங்குலத்தில் வெள்ளை வெறும் 2 அங்குலம். நம் அளவில் அது 0.7 மி.மீ. ஆக டியெப் விமானத்துக்குத் தனியாக டிகால் தாள் வாங்க வேண்டும். ‘சி-ஒன்’ வகை, 36 அங்குலம் என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கேலில் வைத்தால் 12.7 மி.மீ. விட்டம் காட்ட வேண்டும். தாளை மாற்ற மனமில்லாவிட்டால் தேதியை மாற்றிவிடலாம். 1942 தொடக்கத்தில் இங்கிலாந்தின் நார்த் வீல்ட் தளத்தில் இருந்த 121 என்று வைத்துக்கொண்டால் பெட்டியில் உள்ள தடித்த வளையமே பொருந்தும்.

121-இன் படைச் சின்னத்தில் ஓர் இந்தியன் தலை இருக்கிறது. நம்ம ஆள் என்று சந்தோஷப்பட வேண்டாம், இறகுத் தலைப்பாகை கட்டிய செவ்விந்திய வீரன். தாளில் அதைக் கடுகளவு டிகாலாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டாமல் விட்டாலும் குற்றமில்லை.

மூன்றாவது 133, எம்.டி. மூடிப் படத்தில் இருப்பது இதுதான், பெரிய தப்பும் இதுதான். மோர்லே என்றால் 1942 செப்டம்பர் 26. பிரான்சின் மோர்லே விமானத்தளத்தைத் தாக்கப் போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக 133-இன் பன்னிரண்டு விமானங்கள் போயின. வானிலைக் கணிப்பு பொய்த்தது. மேகத்துக்கு மேலே வடக்கிலிருந்து அடித்த காற்று கணித்ததைவிட மிக வேகமாக இருந்து எல்லாரையும் தெற்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. இங்கிலாந்து வந்துவிட்டது என்று நினைத்து மேகத்தைத் துளைத்து இறங்கினார்கள். அது ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகம் பிரெஸ்ட். பதினொரு விமானங்கள் அங்கேயே போயின, பன்னிரண்டாவது இங்கிலாந்து வரை வந்து விழுந்து நொறுங்கியது. நான்கு விமானிகள் இறந்தார்கள். அன்று தலைமை ஏற்றுப் போன பிரிட்டிஷ்காரர் கார்டன் பிரெட்டெல் கைதாகி, 1944-இல் சிறை முகாமிலிருந்து நடந்த பெரும் தப்பித்தலுக்குப் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தப் பன்னிரண்டும் மார்க் நைன். அப்போதுதான் படைக்கு வந்திருந்த புத்தம் புது ரகம். இந்தப் பெட்டியில் இருப்பது ஃபைவ்-பி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய பூதக்கண்ணாடி தேவையில்லை: நைனுக்கு விசிறியில் நான்கு இலை, ஃபைவுக்கு மூன்று. நைனின் மெர்லின் 61 எஞ்சினில் சூப்பர்சார்ஜர் இரட்டை அடுக்கு என்பதால் மூக்கு நீளம். அடியில் திருப்பிப் பார்த்தால் நைனுக்கு இரண்டு இறக்கையிலும் ஒரே மாதிரி பெட்டி ரேடியேட்டர். ஃபைவுக்கு வலது இறக்கையில் பெட்டி, இடதில் குழாய் மாதிரி ஒடுங்கிய ஆயில் கூலர். இந்தக் கிட்டை என்ன ராவினாலும் மோர்லே விமானம் வராது. 133-தான் வேண்டும் என்பவர்கள் அதே வருடம் ஆகஸ்ட், டியெப் என்று தேதியை ஒரு மாதம் பின்னால் தள்ளிவிடுங்கள். அப்போது அவர்கள் ஓட்டியது ஃபைவ்-பி. வட்டச் சின்னம் மட்டும் சி-ஒன்.

பிளாஸ்டிக்குக்கு வருவோம். இங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. கூட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி 156 மி.மீ., நீளம் 127 மி.மீ. வர வேண்டும், உண்மை விமானத்தின் 11.23 மீட்டரையும் 9.12 மீட்டரையும் 72-ஆல் வகுத்த கணக்கு. எங்கள் அளவில் இரண்டும் அரை மில்லிமீட்டர் பிசகுக்குள் அடங்கின. இறக்கையின் அந்த நீள்வட்ட வளைவு, ஸ்பிட்ஃபயரை ஸ்பிட்ஃபயராக்குவது எதுவோ அது, சரியாக வந்திருக்கிறது. தகட்டு இணைப்புக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருப்பது அச்சின் வயதைக் காட்டுகிறது. உப்புத்தாள் பட்ட இடத்தில் அழியும். அழிந்ததைத் திரும்பக் கீறப் போய்க் கோணலாக்குவதைவிட அப்படியே விடுவது நல்லது. இந்த அளவில் பெயிண்டுக்குப் பிறகு யாரும் தேட மாட்டார்கள்.

ஒட்டும் முன் ஸ்ப்ரூவைப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு ஸ்பூன் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய் துண்டுகள் மேல் தங்கியிருக்கும். பெயிண்ட் உரிந்து வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். வெயிலில் காயவைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தரையில் வைத்தால் இறக்கை மெல்ல முறுக்கிக்கொள்ளும், திரும்ப நேராகாது. நிழலில், ஃபேன் காற்றில் போதும். துண்டுகளை முறித்தெடுக்காமல் நிப்பரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை பிளேடால் சீவுங்கள். நிப்பர் இல்லாவிட்டால் தட்டை முனை நகவெட்டி வேலைக்கு ஆகும்.

காக்பிட் ஏழு துண்டு. பச்சை கலந்த சாம்பல் அடித்து, இருக்கையை மட்டும் செம்பழுப்பாக விடலாம். பல ஸ்பிட்ஃபயர்களில் இருக்கை உலோகமாக இல்லாமல் பிசின் ஏற்றிய காகிதக் கூழால் ஆனது, அதன் நிறம் அது. சீட் பெல்ட் கொடுக்கவில்லை. மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி ஒட்டினால் தீர்ந்தது. விமானி பொம்மை கொஞ்சம் நெட்டையாக வார்க்கப்பட்டு, தலை மூடியில் இடிக்கிறது. 71-இல் வெர்னன் கியோ என்று ஒருவர் இருந்தார், உயரம் 4 அடி 10 அங்குலம், எட்டிப் பார்க்க இருக்கையில் மெத்தை போட்டு உட்காருவார். பொம்மைக்கு எதிர் வைத்தியம்: அடிப்பாகத்தை ஒன்றரை மில்லிமீட்டர் ராவுங்கள்.

இந்தக் கிட்டில் கண்டிப்பாகத் தவறும் இடம் இறக்கை உடம்போடு சேரும் இடம். உடற்பகுதியின் இரண்டு பாதியையும் அழுத்தி ஒட்டினால் உடம்பு ஒடுங்கி, இறக்கை வேரில் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் சந்து தெரியும். செய்முறைத் தாள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாரும் சந்தில் பட்டி அடைத்து ராவ உட்காருகிறார்கள், ராவ ராவ அந்த அழகான வளைவுத் தகடு தேய்ந்து போகிறது. பட்டி வேண்டாம். காக்பிட்டுக்குப் பின்னால், உடம்புக்குள், ஸ்ப்ரூக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிக் குறுக்கே முட்டுக் கொடுங்கள். முதலில் ஒட்டாமல் ரப்பர் பேண்ட் போட்டு இறக்கையைப் பொருத்திப் பாருங்கள். சந்து மறையும்வரை கம்பியைக் கால் கால் மில்லிமீட்டராக நீளமாக்குங்கள். எங்கள் கிட்டில் முட்டு 11 மி.மீ.யில் நின்றது. உங்களுடையதில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

அடுத்தது இறக்கைத் தூக்கல். ஸ்பிட்ஃபயர் இறக்கை முன்னாலிருந்து பார்த்தால் 6 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கீழ் இறக்கை ஒரே துண்டாக வருவதால் மேல் துண்டுகளை ஒட்டும்போது தட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. இதற்கு வடசென்னை வீடுகளில் தயாராக ஒரு கருவி இருக்கிறது: கேரம் போர்டு. சமதளம் என்றால் அது சமதளம். நடுப்பகுதியை போர்டில் டேப் போட்டு இறுக்கி, இரண்டு நுனிக்கும் அடியில் ஆளுக்கொரு கேரம் காயைச் செருகுங்கள். காயின் கனம் 7 முதல் 9 மி.மீ. வரை இருக்கும். 8 மி.மீ. உள்ள ஜோடியைப் பொறுக்கி எடுத்தால் 6 டிகிரிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆறு மணி நேரம் தொடாதீர்கள். முன்கூட்டியே போர்டைத் துணியால் துடைத்துவிடுங்கள், போரிக் பவுடர் பசையோடு சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆயுதம். பி-இறக்கை என்றால் பக்கத்துக்கு ஒரு 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கி, இரண்டு .303 பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி. பீரங்கிக்கு 60 குண்டு கொள்ளும் வட்டப் பெட்டி. அது அடங்க இறக்கையின் மேலே ஒரு புடைப்பு. கிட்டில் புடைப்பு தனித் துண்டாக வருகிறது. எதிர்த்திசையில் ஒட்டினாலும் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் ஒட்டும் முன் படத்தைப் பாருங்கள், அகலமான பக்கம் முன்னே. பீரங்கிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு குட்டை மொட்டுத் துண்டும் ஸ்ப்ரூவில் இருக்கிறது. அது பின்னால் வந்த சி-இறக்கைக்கு உரியது, நமக்கு வேண்டாம். அதற்கான துளையை நிரப்பிவிடுங்கள். பட்டி பயன்பட வேண்டிய ஒரே இடம் இது.

சக்கரங்களைப் பற்றி ஒரு வரி: நிற்கும்போது இரண்டு டயருக்கும் நடுவே 24 மி.மீ. இருந்தால் சரி, அதற்கு மேல் போனால் கால்களை வெளியே பரப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காக்பிட் மூடிக்கு ஃபெவிக்விக் வகைப் பசையைக் கிட்டத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பசை இறுகுவதே காற்றின் ஈரத்தால்தான். நம்ம பக்கத்து ஈரத்துக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் இறுகும், இறுகும்போது கிளம்பும் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் பூஞ்சை மாதிரிப் படியும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. சாதாரண ஃபெவிகாலைப் பல்குச்சி நுனியில் தொட்டு வைத்தால் காய்ந்ததும் நிறமில்லாமல் ஆகிவிடும், வழிந்தது ஈரத்துணிக்குப் போகும். மற்ற எல்லா இடத்துக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் லிக்விட் சிமென்ட். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் ஒரு முனையில் பிரஷால் தொட்டால் தானே ஓடிப் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பதிலுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: அசிட்டோன் உள்ள ரகம் என்றால் இறக்கை கூழாகும்.

பெயிண்ட். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நாட்களில், ஸ்ப்ரே கேன் வார்னிஷைத் தொடாமல் இருப்பதே உத்தமம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனி மாதிரிப் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. பச்சை நிறம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். ஆகிவிட்டால் உரிக்க வேண்டாம். டிங்கரிங் கடைகளில் கார்ப் பெயிண்டுக்கு மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னர் வைத்திருப்பார்கள். அதைத் தனியாக, மிக லேசாக, அதுவும் லாக்கர் வகை வார்னிஷ் மேல் மட்டும் தூவினால் பூச்சு இளகி ஈரம் வெளியேறும். கெட்டியாகத் தூவினால் அடியில் இருக்கும் பெயிண்டும் சேர்ந்து இளகும். மழை இல்லாத மாதங்களில் காலை பத்திலிருந்து கடல் காற்று கிளம்பும் வரை நல்ல நேரம். விடிகாலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள், ஈரம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

எர்ணாவூர், மணலி சாலை ஓரத்து வீடுகளுக்கு லாரிப் புழுதி தனிப் பிரச்சினை. எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே ஆறேழு மணி நேரம் பிடிக்கும், அதற்குள் இறக்கை உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அடித்த உடனே பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். ஒரு ஓரத்தில் தீக்குச்சி முட்டுக் கொடுத்தால் ஆவி வெளியேறும். நீரில் கரையும் அக்ரிலிக் என்றால் இருபது நிமிடத்தில் தப்பித்துவிடலாம், ஆனால் பிரைமர் இல்லாமல் வழுவழுப் பிளாஸ்டிக்கில் நிற்காது. ஆண்டர்சன் தெருப் பக்கம் பள்ளிக்கூட ஓவியத்துக்கு வாங்கும் அக்ரிலிக் ட்யூபும் நிறத்தளவில் கலந்து வந்துவிடும், அரைப்பு கரடு என்பதால் பிரஷ் கோடு தெரியும். பிரைமரை 25 செ.மீ. தள்ளி நின்று மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் அதன் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடிக்கும்.

டேப் போட்டு அடிக்க வேண்டிய அளவுகள்: வாலுக்கு முன்னால் உடம்பைச் சுற்றி வரும் ‘ஸ்கை’ நிறப் (பேர்தான் வானம், நிறம் வெளிர்பச்சை) பட்டை 18 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. விசிறி நுனி மஞ்சள் 4 அங்குலம், 1.4 மி.மீ. இறக்கையின் முன்விளிம்பில், வெளிப்பாதியில், மஞ்சள் கோடு. தன் பக்கத்து ஆட்கள் நேர் எதிரே வருவதைப் பார்த்ததும் அடையாளம் காண அது. விசிறி மூக்கும் ஸ்கை. டிகால் தாளில் பட்டையையும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது கொஞ்சம் பச்சை தூக்கலாக இருக்கிறது. எழுத்துகளோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் டிகால், இல்லையென்றால் பட்டைக்கும் மூக்குக்கும் பெயிண்ட். இரண்டையும் கலந்தால் கண்ணை உறுத்தும்.

டிகாலை ஒட்டும் தண்ணீரில்தான் இந்தப் பக்கம் பலர் கோட்டை விடுகிறார்கள். போர்வெல் தண்ணி உப்பு. டிகாலுக்கு அடியில் மாட்டிய உப்பு காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், மேலே எத்தனை வார்னிஷ் அடித்தாலும் மறையாது. கேன் தண்ணி ஒரு டம்ளர் போதும். அடிப் பெயிண்ட் பளபளப்பில்லாத ‘மேட்’ ரகமாக இருந்தால் டிகாலுக்கும் அதற்கும் நடுவே காற்று சிக்கி வெள்ளியாக மின்னும், எனவே முதலில் பளபளக்கும் ‘கிளாஸ்’ வார்னிஷ். டிகாலை 20 நொடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் காத்திருந்து, தள்ளி இறக்குங்கள். பள்ளம் மேட்டில் படியாவிட்டால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பிரஷால் தடவலாம். சுருங்கினால் பதறித் தொடாதீர்கள், காயும்போது தானே இழுத்துக்கொள்ளும். பழைய ஸ்டாக் பெட்டி கிடைத்து, தாள் மஞ்சளாகிப் போயிருந்தால் நனைக்கும் முன் ஜிப் கவரில் போட்டு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் நாலைந்து நாள் ஒட்டிவையுங்கள். மஞ்சள் வெளுத்துவிடும். நம்ம வெயில் உபயோகப்படும் ஒரே கட்டம்.

மார்க் போட்டால்: வடிவம் பத்துக்கு எட்டு, பொருத்தம் ஆறு, டிகால் ஐந்து, துண்டுப் பிரசுரம் இரண்டு. முதல் கிட்டாக வாங்குபவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம், இறக்கை வேர் அவர்களைக் கடுப்பாக்கும். இரண்டு மூன்று ஒட்டியவர்களுக்கு, 1,450 ரூபாயோடு சி-ஒன் தாளுக்கு இன்னொரு முந்நூறு நானூறு ஆகும் என்று தெரிந்து வாங்கினால், குறை இல்லை. வித்தியாசமாக ஒன்று வேண்டும் என்பவர்கள் 1942 அக்டோபர் விமானம் செய்யலாம். கைமாறிய பிறகும் சில மாதம் அதே ஸ்பிட்ஃபயர்தான் ஓடியது. பிரிட்டிஷ் வட்டத்துக்குப் பதிலாக நீல வட்டத்தில் வெள்ளை நட்சத்திரம், நடுவில் சிவப்புப் பொட்டு கிடையாது.

பெட்டி சொல்லாத இன்னொரு தேர்வும் உண்டு. போர்ச் செலவுக்கு மதராஸ் மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காக ராயல் ஏர் ஃபோர்ஸின் மூன்று படைகளுக்கு ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’ என்று பெயர் வைத்தார்கள்: 79, 234, 264. இதில் 79 ஓட்டியது ஹரிக்கேன், 264 ஓட்டியது டிஃபயன்ட் என்ற இன்னொரு ரகம். 234 மட்டும் 1941 இறுதியிலிருந்து ஸ்பிட்ஃபயர் ஃபைவ்-பி ஓட்டியது, அதாவது இதே கிட், இதே பச்சை-சாம்பல், இதே ஸ்கை பட்டை. ஊர் பேர் போட்ட விமானம் அலமாரியில் நிற்க வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது குறியெழுத்து மட்டும்: ஏ.இசட். ‘ஏ’ 121-இன் ஏ.வி.யிலிருந்து கிடைத்துவிடும், எழுத்து உயரம் 8.5 மி.மீ. ‘இசட்’ தாளில் இல்லை. பட்டையைப் பெயிண்டில் அடித்திருந்தால் அதன் டிகால் மிச்சம் இருக்கும். அதில் ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலத்தில் கீற்று நறுக்கி, மேலே ஒன்று, கீழே ஒன்று, குறுக்கே சாய்வாக ஒன்று என்று ஒட்டுங்கள். சாய்வுக் கீற்றைக் கடைசியில் வையுங்கள், முனைகளை ஒட்டிக் காய்ந்த பிறகு பிளேடால் வெட்டிக்கொள்ளலாம். ஏ.வி.யின் ஏ, பெட்டியின் ஸ்கை பட்டை இரண்டும் ஒரே தாள் என்பதால் நிறம் ஒத்துப்போகும். பெயிண்டில் அடிக்கும் பட்டைக்கும் விசிறி மூக்குக்கும் மட்டும் சொட்டுப் பச்சை கூட்டிக்கொள்ளுங்கள்.